பருவத் தொடக்கத்தில் கூடைப்பந்து அணிகள் தடுமாறுவது ஏன்?

கூடைப்பந்தாட்டத்தில் சிறிதேனும் ஈடுபாடுடையார் யாவரும் ஆண்டுதோறும் காணும் காட்சியொன்று உண்டு. கலாசாலை திறந்து, புதிய மாணாக்கர் சேர்ந்து, அணி தெரிந்தெடுக்கப்பட்டு, முதற் பந்தயங்கள் நிகழ்கின்றன. சென்ற ஆண்டு கேடயத்தோடு திரும்பிய அணியே இவ்வாண்டு பெயரறியா எதிரிகளிடம் தோற்றுத் தலைகவிழ்ந்து பேருந்து ஏறுகிறது. எறிந்த பந்துகள் வளையத்தைச் சுற்றி வெளியே விழுகின்றன. ஒருவர்க்கொருவர் வழங்கும் பந்து எல்லைக்கோட்டிற்கு அப்பால் உருண்டோடுகின்றது. கண்டோர், “இவ்வாண்டு அணியில் எறிவதற்கு ஆளில்லை” என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். பின்னர்த் தை பிறக்கும் வேளையில், அதே அணி, அதே ஆட்டக்காரருடன், வேறோர் அணியெனக் கருதுமாறு ஆடுகிறது. அவர்களுக்கு இடையிலே புதிய கைகள் முளைத்துவிடவில்லை. அங்ஙனமாயின் நிகழ்ந்தது யாது என்பதே இக்கட்டுரையில் யான் விளக்க முற்படும் விஷயம்.

யான் இவ்வாட்டத்தில் வல்லுநனல்லேன். மாணாக்கனாயிருந்த நாளில் அணியிற் சேர எனக்கு உயரமும் போதாது. கால் விரைவும் போதாது. ஆயினும் மைதானத்தை விட்டகல மனமின்றி நின்றமையால், ஆட்டக் கணக்கெழுதும் வேலை எனக்கு வாய்த்தது. மேசையருகே புத்தகமும் பென்சிலுமாக அமர்ந்து யான் கழித்த மாலைப்பொழுதுகள் பல. ஆடுவோன் தன் ஆட்டத்தை மட்டும் காண்கிறான்; காண்போன் பந்தை மட்டும் காண்கிறான்; கணக்கெழுதுவோனோ பந்தில்லாத இடத்தையும் அவ்வப்போது நோக்க நேரிடுகின்றது. அவ்வளவே எனக்குள்ள தகுதி.

முதற்கண் இவ்வாட்டத்தின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், வாலிப கிறிஸ்தவர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உபாத்தியாயர் இதனை வகுத்தார். பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாது சலித்துக் குறும்பு செய்துகொண்டிருந்த பதினெண்மரை அடக்கவே அவர் இதனைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. தரையில் நின்ற இலக்கு முரட்டுப் பலத்தோடு எறிதற்கு இடந்தரும் என்பதனைக் கருதி, இலக்கினைத் தலைக்குமேல், வானை நோக்கித் திறந்ததாக அமைத்தார். மேல்மாடத்தின் விளிம்பில், 10 அடி உயரத்தில், பீச்சுப்பழக் கூடைகள் இரண்டு அறையப்பட்டன. பலத்திற்கன்று, வளைவிற்கே இங்குப் பயன் என்பது அவர் எண்ணம். இவ்வாட்டத்தின் உயிர் இன்றும் இதுவே.

ஆனால் முதல் ஆட்டம் எவ்வாறு நடந்தது? 1939-ஆம் ஆண்டு, தம் வாழ்நாளின் இறுதியாண்டில், நெய்ஸ்மித் வானொலியில் உரையாடியபோது, தொடக்கத்தில் அம்மாணாக்கர் ஒருவரையொருவர் பிடித்திழுத்தும் உதைத்தும் குத்தியும் ஆடியதாகத் தாமே கூறினார். ஆட்டம் முழுமையிலும் விழுந்தது ஒரே கூடைதான் என்பது வரலாறு. உலகின் முதற் கூடைப்பந்து அணிகளே பருவத் தொடக்கத்தில் நன்கு தடுமாறினவென்றால், நம் பிள்ளைகள் எம்மாத்திரம்!

இன்னுமொன்று. அணிக்கு ஒன்பதின்மராக நின்ற அந்நாளிலேயே, பின்னே காப்போர் மூவர், நடுவே நிற்போர் மூவர், முன்னே கூடைக்கணிமையில் நிற்போர் மூவர் என்று நெய்ஸ்மித் பிரித்து வைத்தார். 1897-ஆம் ஆண்டளவில் அணிக்கு ஐவரென்பது நிலைபெற்றது. ஆகவே, அவரவர்க்கு அவரவர் வேலை என்னும் ஏற்பாடு பிற்காலத்தார் சேர்த்ததன்று, ஆட்டத்தோடு உடன்பிறந்தது.

நெய்ஸ்மித் பின்னர்க் கான்ஸாஸ் சர்வகலாசாலையில் அணியை நடத்தினார். அவர் காலத்தில் அவ்வணி வென்றவை 55, தோற்றவை 60. அச்சர்வகலாசாலையின் பயிற்சியாளர் வரிசையில் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர், ஆட்டத்தைப் படைத்த அவர் ஒருவரே. இதனை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிறு புன்னகை தோன்றுவதுண்டு. ஆட்டத்தை அறிதல் வேறு. ஐந்து பேரை ஓரணியாக்குதல் வேறு.

ஸ்பிரிங்பீல்டுப் பள்ளியிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1920-ஆம் ஆண்டு சென்னையில் வாலிப கிறிஸ்தவர் சங்கத்தின் தேகப்பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அங்குப் பயின்று வெளியேறிய தேகப்பயிற்சி ஆசிரியர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் பணியாற்றப் புகுந்தனர். அவர்களோடு இவ்வாட்டமும் புகுந்தது. 1934-இல் புதுதில்லியில் ஆடவர்க்கு முதல் தேசியப் பந்தயம் நடைபெற்றது. இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் 1950-இல் தோன்றியது.

நிற்க. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வருவோம். என் ஊர் இராஜபாளையம். மேற்கே மலைத்தொடர் மதிலென நிற்கும். ஆனியிலும் ஆடியிலும் அம்மலையினின்று இறங்கும் மேல்காற்று தெருப்புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு வரும். கலாசாலைகள் திறந்து அணிகள் கூடுவதும் ஏறக்குறைய அப்பொழுதே. நம் பக்கத்து மைதானங்களிற் பெரும்பாலன கூரையற்றவை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்குமென்பர். பந்து பறப்பதிற் கேட்பானேன்? ஆகவே நம் அணிகட்குப் பருவத் தொடக்கமென்பது காற்றோடும் புழுதியோடும் தொடங்குவதாகும். பந்தெறிதலில் நேரும் குறைகளுள் ஒரு பகுதியை இக்காற்றின் கணக்கிலே எழுதிவிடலாம். எஞ்சியதை அங்ஙனம் எழுத இயலாது.

அவ்வெஞ்சியதன் வேர், யான் கண்டவரையில், ஆட்டக்காரர்தம் கையிலன்று, அவரவர் வேலை இன்னதென்று துணியாமையிலேயே உள்ளது. வேலை துணியப்படாத அணியில், எறிய வேண்டியவன் எறிவதில்லை. எறியக்கூடாத இடத்திலிருந்து, எறியக்கூடாத நேரத்தில், எவனோ ஒருவன் எறிகிறான். தவறியபின் அதனைக் கைக்குறையென்று எழுதுகிறோம்.

இதனைச் சிறிது விரித்துரைப்பேன். ‘கார்டு’ எனப்படும் காவலர் இருவர், ‘பார்வர்டு’ எனப்படும் முன்னாட்டக்காரர் இருவர், ‘சென்டர்’ எனப்படும் நடுவாட்டக்காரர் ஒருவர் என்பது யாவரும் அறிந்த பாகுபாடு. இவை நிற்குமிடத்தின் பெயர்களேயன்றிச் செய்யும் வேலையின் பெயர்களல்ல. வேலைகளோ வேறு. பந்தைத் தட்டிக்கொண்டு எதிரியின் பாதிக்குக் கொண்டுசேர்த்து, அவசரப்படாது வைத்திருந்து, தக்கானுக்கு வழங்குதல் ஒரு வேலை. தோழனைக் காக்கும் எதிரியின் வழியில் தூணென அசையாது நின்று, தோழன் எறிதற்கு இடமுண்டாக்குதல் மற்றொன்று. இதனை நம் மாணாக்கர் ‘ஸ்கிரீன்’ என்பர். தவறிய எறிவு பலகையிலும் வளையத்திலும் மோதி மீளுகையில் அம்மீள்பந்தைக் கைப்பற்றுதல் இன்னொன்று. எதிரி பந்தைப் பறித்தவுடன் தன் கூடையைக் காக்க முதலில் திரும்பியோடுதல் வேறொன்று. இவற்றோடு எறிதலும் ஒரு வேலை. இவற்றுள் கைதட்டல் பெறுவது எறிதலொன்றே. தொல்லையனைத்தும் இங்கிருந்தே தொடங்குகின்றது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ஓடுவதைக் கண்டோர்க்கு யான் கூறுவது எளிதில் விளங்கும். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கானோர். ஊர் முழுதும் நோக்குவது அவர்களையே. ஆனால் தேர் வீதி முனையில் திரும்புவதும், திரும்பியபின் நேரே செல்வதும், வேண்டுமிடத்தில் நிற்பதும், சக்கரத்தடியிற் கட்டை கொடுக்கும் சிலர் கையில் உள்ளன. அவர்கள் வடத்தைத் தொடுவதில்லை. கட்டை கொடுப்போரனைவரும் தமக்கும் வடத்தில் ஒரு பிடி வேண்டுமென்று முன்னே ஓடுவாராயின், தேர் எங்கே போய் முட்டுமென்று சொல்ல வேண்டுவதில்லை. பருவத் தொடக்கத்தில் நம் அணிகளில் ஐவரும் வடம் பிடிக்கின்றனர்.

இது பருவத் தொடக்கத்திலேயே மிகுதியாக நிகழ்வதற்குத் தெளிவான காரணமுண்டு. சென்ற ஆண்டு அணியில் வேலை பிரித்துச் செய்து பழகியவருட் சிலர் பட்டம் பெற்றுச் சென்றிருப்பர். அவரிடத்திற்கு வருவோர், தத்தம் பள்ளிகளில் முதன்மை பெற்றவர்கள். பள்ளியணியில் உயரமும் வேகமும் உடைய ஒருவனே பந்தைக் கொண்டுவருவான், அவனே எறிவான், தவறினால் அவனே மீள்பந்தை எடுத்து மறுபடி எறிவான். அத்தகைய ஐவர் ஓரிடத்திற் கூடுதல், ஒரே பந்தலில் ஐந்து மணமகன்கள் வந்தமர்ந்தாற் போன்றது. ஒருவனும் தீயவனல்லன், ஒவ்வொருவனும் தான் அறிந்த ஆட்டத்தை ஆடுகிறான். அவன் அறிந்த ஆட்டத்தில் மற்ற நால்வர் இல்லை.

இதற்கு நேர்மாறான குறையும் நம்மவரிடத்தில் உண்டு. அதனைப் பிறநாட்டார் எழுதிய ஆட்ட நூல்களிற் காணவியலாது. முதலாண்டு மாணாக்கன் கூடைக்கு எதிரே தனியே நிற்கிறான். அவனைக் காப்பார் ஒருவருமில்லை. பந்தும் அவன் கையிலுளது. எனினும் அவன் எறியான். மூன்றாமாண்டு அண்ணன், இரண்டு எதிரிகளுக்கிடையே அகப்பட்டு நிற்பவர், அவர் கைநீட்டிக் கேட்டார் என்பதற்காக அவருக்கு வழங்குகிறான். மரியாதை நல்லதே, விடுதியிலும் வகுப்பிலும் அது இருக்கட்டும். மைதானத்தில் அது பந்தைத் தவறான கையிற் சேர்க்கின்றது. அண்ணனோ வேறு வழியின்றி எறிந்து தவறுகிறார். கணக்குப் புத்தகத்தில் குறை அண்ணன் பெயரில் ஏறுகிறது. அதற்குக் காரணமான தயக்கம் எங்கும் ஏறுவதில்லை.

இக்காலத்து விதிகள் தயக்கத்தை இன்னும் கடுமையாகத் தண்டிக்கின்றன. பந்து கைக்கு வந்து 30 வினாடிக்குள் எறிய வேண்டுமென்று 1956-இல் உலக விதி ஏற்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அது 24 வினாடியாகக் குறுகியது. தன் பாதியைக் கடக்க அதிலே 8 வினாடி வரை செல்லலாம். எஞ்சும் பதினாறில், “நீ எறி, நான் எறி” என்னும் ஊமை வழக்கு ஐந்தாறு வினாடிகளை உண்டுவிடும். கடைசி மூன்று வினாடிகளில் பந்து எவன் கையில் இருக்கிறதோ அவன், எங்கு நிற்கிறானோ அங்கிருந்து, எதிரி முகத்தெதிரே கையுயர்த்தி நிற்கையில், எறிந்தேயாக வேண்டும். இத்தகைய எறிவுகளை வேண்டுவோர் ஒருவருமிலர். ஆயினும் யாரேனும் ஒருவர் எறிந்தேயாதல் வேண்டும். இவ்வொருவரைப் பற்றிப் பின்னரும் கூறுவேன்.

இனி எறிதலைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். இதில் விஞ்ஞான மாணாக்கர்க்கு இனிய கணக்கொன்று உண்டு. வளையத்தின் உள்விட்டம் 45 செண்டிமீட்டர்; ஆடவர் பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. நேர்மேலிருந்து விழும் பந்துக்கு வளையம் முழுவட்டமாகத் தோன்றும். சாய்வாக வரும் பந்துக்கோ அது நசுங்கிய முட்டை வடிவாகும். கிடைமட்டத்திற்கு 45 பாகைச் சாய்வில் வரும் பந்துக்கு அத்திறப்பின் அகலம் 32 செண்டிமீட்டராகச் சுருங்கும். 30 பாகையில் வெறும் இருபத்திரண்டரை. பந்தோ 24! ஆகவே ஏறக்குறைய 32 பாகைக்குத் தாழ்வாக வரும் பந்து வளையத்தில் உராயாமல் நுழைதல் இயலாது. தட்டையாக எறிவோன் தன் கூடையைத் தானே சிறிதாக்கிக்கொள்கிறான்.

அங்ஙனமாயின் எவ்வளவு உயரமாக எறிகின்றோமோ அவ்வளவும் நலமன்றோ எனின், அன்று. உயர எறிதற்கு விசை மிகுதியாக வேண்டும். விசை மிகுந்தால் கை நிதானம் குறையும். தனியெறிவுக் கோட்டிலிருந்து, 7 அடி உயரத்தில் பந்தைக் கைவிடும் ஓர் இளைஞனுக்கு, மிகக் குறைந்த விசையிற் பந்து கூடையைச் சேரும் கோணம் ஏறக்குறைய 51 பாகை. அவ்விடத்தில் இன்னொரு நன்மையும் உண்டு: கோணத்தில் ஓரிரு பாகை பிழைபட்டாலும் பந்து விழுமிடம் பெரிதும் மாறுவதில்லை. விரல்நுனியால் பந்துக்குப் பின்னோக்கிய சுழற்சி கொடுத்தால், வளையத்திற் பட்ட பந்தும் வேகமடங்கி உள்ளே விழ இடமுண்டு.

இவ்விடத்தில் மேல்காற்று வந்து கணக்கைக் கலைக்கிறது. மிக உயர்ந்து செல்லும் பந்து காற்றில் நெடுநேரம் இருக்கும். நெடுநேரம் இருப்பது காற்றால் மிகுதியும் விலகும். ஆகவே ஆடி மாதத்து இராஜபாளையத்தில், கூரையுள்ள அரங்கிற் பழகிய வளைவையே பற்றி நிற்பவன் ஏமாறுவான். அனுபவமுடைய உள்ளூர் இளைஞர் செய்வது யாதெனில், காற்றுள்ள மாலைகளில் தொலைவெறிவைக் குறைத்துக்கொண்டு, கூடையின் பக்கவாட்டிலிருந்து பலகையிற் படும்படி எறிவர். பலகை காற்றுக்கு அசையாதன்றோ! இதனை யாரும் அவர்களுக்குக் கற்பித்ததாகத் தெரியவில்லை. தோற்றுத் தோற்றுக் கற்றிருப்பர்.

காற்றும் மழையும் பெரியோரையும் விட்டுவைத்ததில்லை. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. இறுதிப் பந்தயம் திறந்தவெளி மண்தரையில், கொட்டும் மழையில் நடந்தது. சேற்றில் பந்து எழும்பாமையால் தட்டியோடுதல் இயலாதாயிற்று. அமெரிக்கா 19, கனடா 8 என்று ஆட்டம் முடிந்தது. உலகில் தலைசிறந்த இரண்டு அணிகள் சேர்ந்து எடுத்தது இருபத்தேழே. அவர்களை எறியத் தெரியாதவர் என்பார் உண்டோ? அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் நாளே, நியூயார்க் நகரத்து அரங்கில், ஸ்டான்போர்டு சர்வகலாசாலை மாணாக்கர் ஹாங்க் லூயிஸெட்டி, இரு கையாலும் நின்று எறிவதே முறையென்றிருந்த அக்காலத்தில், ஓடிக்கொண்டே ஒரு கையால் எறிந்து காட்டினார். தொடர்ந்து 43 பந்தயங்களில் வென்றிருந்த லாங் ஐலண்டு அணி அன்று 45-க்கு 31 என்று தோற்றது. கையின் முறை மாறக்கூடியது. மாறாதது வளைவும் இடமும்.

இடமென்றேன். இடத்திற்கு விலையுண்டு. 1984-இல் உலக விதியில் மூன்று புள்ளிக் கோடு வந்தது. 2010 முதல் அது 6.75 மீட்டர் தொலைவிலுள்ளது. மூன்றுக்கு ஒன்று விழும் கையுடையான் அக்கோட்டிற்கு வெளியே நின்றெறிந்தால், எறிவுக்குச் சராசரி ஒரு புள்ளி. கூடைக்கு அண்மையில் நின்று இரண்டுக்கு ஒன்று இடுவோனுக்கும் சராசரி ஒரு புள்ளியே. ஆனால் இரண்டுக்கும் நடுவே, கோட்டிற்கு ஓரடி உட்புறம் நின்று, ஐந்துக்கு இரண்டு இடுவோன் பெறுவது எட்டில் பத்துப் பங்கு அன்று; பத்தில் எட்டுப் பங்கு. (மேசையிலிருந்து இதனைச் சொன்னால் ஆட்டக்காரர் எப்போதும் தலைகீழாகக் கேட்பர்.) வேலை பிரியாத அணியின் எறிவுகளை எண்ணிப் பார்த்தால், அவற்றுட் பெரும்பகுதி இந்நடுவிடத்திலிருந்தே எழுவதைக் காணலாம், ஏனெனில் யாருக்கும் உரியதல்லாத பந்து இறுதியில் வந்து நிற்குமிடம் அதுவே.

இப்பொழுது பருவத் தொடக்கத்தின் மிகப் பெரிய தீமைக்கு வருகிறேன். அஃது ஆட்டக்காரர் செய்வதன்று. அவரை மதிப்பிடுவோர் செய்வது. மூன்றுக்கு ஒன்று விழும் கையுடைய இளைஞனொருவன் முதலிரண்டு பந்தயங்களில் 12 முறை எறிகிறான் என்று கொள்வோம். நான்கு விழவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் இரண்டோ அதற்குக் குறைவோ மட்டுமே விழும் வாய்ப்பு நூற்றில் 18. கணித மாணாக்கர் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். இத்தகையோர் ஐவர் அணியில் இருப்பின், அவருள் ஒருவனுக்கேனும் இக்கதி நேரும் வாய்ப்பு நூற்றில் 63. அதாவது, எல்லார் கையும் செவ்வனே இருக்கும் அணியிலும், யாரோ ஒருவன் “கைவராதவன்” எனத் தோன்றுவதே பெரும்பாலும் நிகழ்வது. நூறு எறிவு எண்ணிய பின்னரும் அவன் கணக்கு 24-லிருந்து 43 வரை எங்கும் நிற்கலாம். கலாசாலைப் பருவமொன்றில் நூறு எறிவு எறிய எத்தனை பேர்க்கு வாய்க்கும்? பன்னிரண்டைக் கண்டு தீர்ப்பெழுதுதல், நான்கு துளி கண்டு மழைக்காலத்தை அளப்பதாகும்.

இக்கணக்கு எனக்கு அந்நாளில் தெரிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். என்னோடு பயின்ற ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அணித்தான சிற்றூரிலிருந்து வந்தவர், எங்கள் அணியில் சேர்க்கப்பட்டார். எந்தக் கலாசாலை, எந்த ஆண்டு என்பன ஈண்டு வேண்டா. முதற் பந்தயங்களில் அவர் எறிந்தவற்றுட் பெரும்பாலன தவறின. அணி தோற்றது. பொறுப்பிலிருந்தோர் என் புத்தகத்தை வாங்கி, அவர் பெயருக்கு நேரே இருந்த குறிகளை எண்ணினர், அவரை நீக்கினர். ஆட்டத்தின் பொருட்டு அவர்க்கு விடுதிக் கட்டணத்திற் கிடைத்துவந்த சலுகையும் அத்துடன் நின்றது. அடுத்த ஆண்டு அவர் கலாசாலைக்குத் திரும்பவில்லை. இராஜபாளையத்தில் நூலாலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

என் புத்தகத்தில் பிழையில்லை. எறிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. விழுந்தால் அதன்மேல் ஒரு வட்டம். எங்கிருந்து எறிந்தார், எத்தனை வினாடி எஞ்சியிருந்தது, யார் எறியாமல் அவரிடம் தள்ளிவிட்டார் என்பவற்றிற்கு அதிலே கட்டமில்லை. பல மாதங்களுக்குப் பின், வேறொரு பந்தயத்தில், கடைசி வினாடிகளில் பந்து கையிலிருந்து கைக்கு நெருப்புத்துண்டெனத் தள்ளப்படுவதை மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், முன்பெல்லாம் அப்பந்து யாரிடம் போய் நின்றதென்பது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் பிறரைப் போல ஒதுங்கவில்லை, நீட்டியதை வாங்கிக்கொண்டார், எறிந்தார். அவருடைய வேலை இன்னதென்று யாரும் அவர்க்குச் சொல்லியிருக்கவில்லை. எறிய யாருமில்லாதபோது எறிவதே தம் வேலையென்று அவராகக் கொண்டார் போலும்.

எறிதலிற் கணக்கோடு நாணமும் கலந்திருத்தலை இங்கே சொல்லாமல் விட இயலாது. வில்ட் சேம்பர்லின் என்னும் அமெரிக்கப் பேராட்டக்காரர் 1962-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் ஒரே பந்தயத்தில் 100 புள்ளி எடுத்தார், அன்றுவரை கண்டறியாதது. அன்று அவர் தனியெறிவில் 32-க்கு 28 இட்டார். அப்பருவத்தில் அவர் தனியெறிவைப் பந்தை இரு கையாலும் பிடித்து, முழங்காலருகிலிருந்து மேலே தூக்கிவிடும் பழைய முறையிலேயே எறிந்துவந்தார். அம்முறை அவர்க்குப் பயன்பட்டது. ஆயினும் அது ஆண்மைக்கு ஒவ்வாததாய்த் தோன்றுகிறதென்று வெட்கி அதனைக் கைவிட்டார். பின்னர் அவருடைய தனியெறிவு இரண்டுக்கு ஒன்றென்னும் அளவிற்குத் தாழ்ந்தது. இதைப் பிற்காலத்தில் தம் வரலாற்றில் தாமே ஒப்புக்கொண்டார். அதே முறையை நகைப்புக்கு அஞ்சாது கடைசிவரை கையாண்ட ரிக் பாரி என்பார் நூற்றுக்கு ஏறக்குறைய தொண்ணூறு இட்டு வந்தார். ஏழடி உயர வீரரையே நாணம் இப்பாடு படுத்தியதெனில், புதிய ஊரில், புதிய விடுதியில், அண்ணன்மார் நோக்க நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கை நடுங்குவதில் வியப்பென்ன?

நம் நாட்டு அணியும் இவ்வழியே நடந்ததே. ஒலிம்பிக்கில் இந்தியக் கூடைப்பந்து அணி ஆடியது 1980-இல் மாஸ்கோவில் ஒரே முறை; ஏழு பந்தயங்கள், ஏழும் தோல்வி. 2014-ஆம் ஆண்டு வூஹான் நகரில், ஆசியக் கோப்பைப் பந்தயத்தில், அமெரிக்கப் பயிற்சியாளர் ஸ்காட் பிளெமிங் நடத்திய இந்திய அணி சீனத்தை, அவர்கள் மண்ணிலேயே, 65-க்கு 58 என்று வென்றது. சீனத்தார் தம் முதல்தர வீரர் பலரை அனுப்பவில்லை என்பது உண்மையே. எனினும் 58 புள்ளிக்கு எதிரியை அடக்குதல் கைவண்ணத்தாலாவதன்று. ஓடித் திரும்பிக் காப்பவரும் மீள்பந்து எடுப்பவரும் தத்தம் வேலையைச் செய்ததால் ஆவது.

ஆதலின் இவ்வாண்டு அணி அமைப்போர்க்கு யான் வேண்டுவது சிறிதே. முதற் பந்தயத்துக்கு முன், ஒவ்வோர் ஆட்டக்காரனையும் தனித்தனியே அழைத்து, அவன் செய்யவேண்டிய இரண்டு வேலைகளையும் செய்யவேண்டாத ஒன்றையும் வாயாற் சொல்லிவிடுக. கடைசி வினாடிகளில் எறிபவன் இன்னானென்று பெயரிட்டு, தவறினால் அவன்மேல் பழியில்லை என்பதையும் நால்வர் கேட்கச் சொல்லிவிடுக. முதலாண்டுப் பிள்ளை தனியே நிற்கையில் எறியாது அண்ணனுக்கு வழங்கினால், அண்ணனே அவனைக் கண்டிக்கட்டும். பயிற்சியாளர் கண்டிப்பதினும் அது விரைவிற் பலிக்கும். எறிதலைத் திருத்தும் முயற்சியை ஆடிக்காற்று அடங்கும்வரை ஒத்திவைத்தாலும் பெரிய கேடில்லை. வேலைப் பிரிவினையை ஒத்திவைத்தலாகாது.

கணக்கெழுதுவோர்க்கும் ஒன்று சொல்வேன். கோட்டையும் வட்டத்தையும் மட்டும் இடாதீர்கள். மைதானத்தின் சிறு படமொன்றைப் பக்கந்தோறும் வரைந்துகொண்டு, எறிந்தவன் நின்ற இடத்தில் அவன் எண்ணை எழுதுங்கள். கடைசி ஐந்து வினாடிக்குள் எறிந்ததாயின் அதன்கீழ் ஒரு கோடிடுங்கள். பந்தயம் முடிந்ததும் அப்படத்தை நோக்கினால், அணி தோற்றது எங்கே என்பது எழுத்தறியாதார்க்கும் தெரியும்.

இம்முறை என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. சில ஆண்டுகட்கு முன் ஊருக்குச் சென்றிருந்தபோது, நூலாலை வேலை முடிந்து மாலைதோறும் தெருப்பிள்ளைகட்கு இவ்வாட்டம் கற்பிக்கும் ஒருவரைப் பார்க்கச் சென்றேன். மைதானத்தை ஒட்டிய சுவரில் கரித்துண்டால் பெரிய படமொன்று வரைந்திருந்தார். பிள்ளைகள் எறிய எறிய, நின்ற இடத்திற் புள்ளியிட்டுக்கொண்டே வந்தார். என்னைக் கண்டதும் கரியை என் கையிற் கொடுத்து, “நீங்கள்தாமே கணக்கு எழுதுவீர்கள், எழுதுங்கள்” என்று கூறிவிட்டு, மீள்பந்து எடுக்கத் தெரியாமல் நின்ற ஒரு சிறுவனை நோக்கி நடந்தார். இருட்டும்வரை எழுதினேன்.